அட்டை பார்க்காத கணவாய்

அட்டை பனித்துளி குடித்துப் பிழைத்த அந்தக் காலத்தில், காட்டில் எல்லா உயிருக்கும் பேச்சு வரும். அட்டைக்குப் பேச்சைவிடக் கேள்விதான் அதிகம். அதிலும் ஒரே கேள்வி. சோலைக்குள் வளைந்து வளைந்து ஏறும் ஒற்றையடிப் பாதை மேலே கணவாயில் போய் முடிகிறதே, அதற்கு அங்கிட்டு என்ன இருக்கிறது?

கணவாயிலிருந்து இறங்கி வந்த கரடியைக் கேட்டது. "தேன் இருக்கு" என்றது கரடி. யானை, "மூங்கில் குருத்து" என்றது. மிளா மான் ஏதோ ஒரு புல்லைப் பற்றிச் சொல்லி நாக்கைச் சுழற்றிக்கொண்டது.

"என்ன தின்னீங்கன்னா கேட்டேன்? என்ன இருக்குன்னுல்ல கேட்டேன்!" அட்டைக்கு எரிச்சலாக வந்தது. இந்தச் சாப்பாட்டு ராமன்களுக்கெல்லாம் கண் எதற்கு என்று முணுமுணுத்தது.

தானே போகலாமென்றால், ஒரு மழைக்காலம் முழுக்க நெளிந்தும் இரண்டு மரம்தான் தாண்டியிருந்தது.

அந்த வழியாக உப்பு மூட்டை சுமந்து மலை தாண்டுகிறவள் சடைச்சி. அந்தப் பக்கத்து ஊர்களில் உப்பைக் கொடுத்து மிளகு வாங்கி வருவாள்.

"யக்கா, ஒங்க கால்ல ஒட்டிக்கிட்டு வரட்டுமா? ஒரே ஒரு தடவை பாத்துட்டு வந்துருறேன்."

சடைச்சி குனிந்து பார்த்தாள். "வா. ஆனா வாயை வைக்கப்படாது. நடந்து பொழைக்கிற காலு."

"வாயைத் தொறந்தா எனக்குக் கேள்விதான்க்கா வரும்."

அவள் சிரித்துக்கொண்டே கணுக்காலைக் காட்டினாள்.

வழியெல்லாம் அட்டை நச்சரித்தது. இது என்ன மரம், அது ஏன் கூவுகிறது, இந்தப் பாறைக்கு மட்டும் ஏன் வேர்க்கிறது? தனியாகவே நடந்து பழகியவளுக்கு அந்தப் பேச்சுத்துணை பிடித்துப்போயிற்று.

பாதி மலையில் ஓடை குறுக்கிட்டது. முழங்கால் ஆழம், இழுக்கிற தண்ணீர். அட்டையின் பிடி வழுக்கியது. ஒரு குரல் கொடுத்திருந்தால் அவள் எடுத்து உள்ளங்கையில் வைத்திருப்பாள். பயத்தில் அது கடித்துப் பிடித்துக்கொண்டது.

கரையேறியதும் விட்டிருக்கலாம். ஆனால் வாயில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. இது என்ன ருசி? அதுவும் ஒரு கேள்விதானே! இன்னொரு வாய் குடித்தால் தெரிந்துவிடும். அப்புறம் இன்னொரு வாய்.

சடைச்சிக்கு வலிக்கவே இல்லை. கேள்விகள் நின்றதும், அசந்து தூங்குகிறது போல என்று நினைத்தாள். அட்டையோ உருண்டு திரண்டு, கண் செருகி, கணவாய்க்கு நூறடி கீழே பொத்தென்று உதிர்ந்தது.

மேலே மேகம் விலகிக் கிடந்தது. "ஏ அட்டை, எந்திரி! நல்லாப் பாத்துக்க. அந்தா பாரு ஆறு. அதுக்கு அங்கிட்டு நீலமாத் தெரியுது பாரு, அதுவும் மலைதான்!" என்று சொல்லிக்கொண்டே சடைச்சி காலைத் தூக்கிப் பார்த்தாள். கோடாக ரத்தம் மட்டும் வழிந்துகொண்டிருந்தது. அவளுக்குக் கோபம் வந்தது. அதைவிட, பாவமாக இருந்தது.

தூங்கிய அட்டையை மாலை மழை உருட்டிக்கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே சேர்த்தது. இனசனமெல்லாம் சுற்றிக் கூடிவிட்டன.

"அங்கிட்டு என்ன இருக்கு?"

"ரத்தம்" என்றது அட்டை. "அம்புட்டு ருசி." சொன்ன பிறகுதான் அதற்கு உறைத்தது. அப்புறம் அது பேசவே இல்லை.

அன்று முதல்தான், கணவாய்க்குப் போகும் பாதையில் இலைக்கு இலை ஓர் அட்டை எழுந்து நின்று, யாராவது வருகிறார்களா என்று தலையை ஆட்டி ஆட்டிப் பார்க்கிறது. நம் காலில் ஏறுவதெல்லாம் மலைக்கு அங்கிட்டுப் பார்க்கத்தான். ஏறியதும், ஒரே ஒரு வாய் என்று குடிக்கிறது. இதுவரை ஒன்றுகூடப் போய்ப் பார்த்ததில்லை.