தனியே விட்ட பெண் செடி

மலையடிவாரத்து மருந்து மடத்தில் குருவைவிடச் சீடன் பத்து வயது மூத்தவன்.

குருவின் பெயர் வெள்ளையம்மாள். நோயாளிகள் அவரை மடத்தம்மா என்பார்கள். ஆறாத புண்ணும் கட்டியும் வந்து, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று மற்ற வைத்தியர்கள் அனுப்பிவிட்டவர்களைத்தான் அவரிடம் கொண்டுவருவார்கள். யாரையும் பிழைக்கவைக்கிறேன் என்று அவர் சொன்னதில்லை. வலி தெரியாமல் தூங்கவைப்பார். அந்த மருந்துக்காக மடத்துக் கொல்லையில் ஒரே ஒரு பாத்தியில் கஞ்சாச் செடி வளர்த்தார்.

சீடன் பெயர் தணிகாசலம். மனைவியை மாட்டுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தவன். அவள் மடத்திலேயே இறந்தாள். ஓடைக்கரையில் புதைத்தார்கள். அதன்பிறகு அவன் ஊருக்குப் போகவில்லை. வரும்போது இரண்டு வயது மகள் செங்கமலத்தை அக்காளிடம் விட்டுவிட்டு வந்திருந்தான். அப்படியே விட்டுவிட்டான். அதற்கு ஏழு வருஷம் ஆகியிருந்தது.

மடத்தில் அவனுக்கு ஆண் செடி பிடுங்குகிற வேலை.

கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மருந்து பெண் செடியின் பூவில் இருக்கிறது. ஓர் ஆண் பூத்துவிட்டாலும் போதும், பாத்தி முழுக்க விதை பிடித்து, பூவில் மருந்து குறைந்துவிடும். ஆகவே ஆண் என்று தெரிந்ததுமே பிடுங்கிவிட வேண்டும். பிடுங்குகிறவர் செடியிடம் "பொறுத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் பிடுங்குவது மடத்து வழக்கம். பிடுங்கியதைத் தூர எறிவதில்லை. பெண் செடிகளின் காலடியிலேயே போட்டுவிடுவார்கள்.

தணிகாசலம் இத்தனை வருஷத்தில் ஒன்றைக்கூடத் தப்பவிட்டதில்லை. அவனிடம் மிச்சமிருந்த பெருமை அது ஒன்றுதான்.

அந்த வருஷம் அறுவடை முடிந்த பிறகும் கொல்லை மூலையில் ஒரு பெண் செடி நின்றது. மடத்தம்மாதான் அதை அறுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஏன் என்று தணிகாசலம் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் பணிவு என்று அவன் நினைத்திருந்தான்.

பனி தொடங்கிய ஒரு நாள் மத்தியானம் ஊரிலிருந்து குப்பாயி வந்தாள். அவன் அக்காளுக்கு அடுத்த வீட்டுக்காரி. வந்தவள் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"மடத்துச் சோறு உடம்புல ஒட்டுது போலிருக்கே."

"என்னக்கா, இவ்வளவு தூரம்?"

"உன் அக்கா ரஞ்சிதம் போயிட்டா."

அவன் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தான்.

"எப்போ?"

"போன அமாவாசைக்கு மறுநாள். காய்ச்சல்னு படுத்தா, எழுந்திரிக்கல. உனக்குச் சொல்ல ஆள் தேடினோம். தூக்கறதுக்கே ஆள் தேட வேண்டியதாப் போச்சு, உனக்கு எங்க சொல்றது."

"செங்கமலம்?"

"பேர் ஞாபகம் இருக்கா? பரவாயில்லை." குப்பாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்கிட்டத்தான் இருக்கா. அத்தை போனதுலேருந்து தலையில யாரையும் கைவைக்க விடமாட்டேங்கறா. சிக்கும் பேனுமாக் கெடக்கு. ராத்திரி சொறிஞ்சுக்கிட்டே தூங்கறா."

அவன் குனிந்து முறத்தைச் சுவரோரம் தள்ளினான்.

"நான் வெச்சுக்குவேன் தணிகாசலம். ஆனா எங்க வீட்டுல ஏழு பேர் ஒரு பானைச் சோத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். டவுன்ல ஒரு வீட்டுல கைக்குழந்தை பார்த்துக்க ஆள் கேக்கறாங்க. ஒம்பது வயசுக்கு என்னம்மா வேலை தெரியும்னேன். நாங்க பழக்கிக்கறோம்ங்கறாங்க. எப்படிப் பழக்குவாங்கன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை வண்டி வருது. நீ வரியா, நான் ஏத்தி விட்டுடட்டுமா? இதைக் கேட்கத்தான் வந்தேன்."

"நான் வந்து என்னக்கா பண்ணுவேன்? பொம்பளை இல்லாத வீடு. அவ பொண்ணு. நாளைக்குப் பெரியவளாவா. அதெல்லாம் ஒரு ஆம்பளைக்கு என்ன தெரியும்?"

"என்கிட்ட நியாயம் கேட்காதே. உன் குருகிட்டக் கேளு. விடிஞ்சதும் நான் கிளம்பிடுவேன்."

மடத்தம்மா உள்ளே கல்வத்தில் மருந்து அரைத்துக்கொண்டிருந்தார். மூலையில் கட்டிலில் ஒரு கிழவர், தாடையில் கட்டுப் போட்டபடி முனகிக்கொண்டிருந்தார். தணிகாசலம் வாசற்படியிலேயே நின்றான்.

"அம்மா, என்னை இங்கேயே இருக்கச் சொல்லுங்க."

அவர் அரைப்பதை நிறுத்தவில்லை.

"அந்தம்மா பேசினது கேட்டுச்சு," என்றார்.

"என்னால ஆகாதும்மா. தாய் இருந்திருந்தா வேற. நான் அப்பனா இருக்கலாம். தாயா இருக்க முடியுமா?"

"கொல்லை மூலையில நிக்குதே, அந்தச் செடியைப் போய்ப் பார்த்துட்டு வாங்க."

"இப்பவா?"

"இப்பவேதான்."

அவன் போனான். அறுவடைக்குப் பின் அவன் அந்தப் பக்கம் போனதே இல்லை. சுற்றிலும் அறுத்த கட்டைகள். நடுவில் அது மட்டும் ஆளுயரத்துக்கு நின்றது. கீழ் இலைகள் பழுத்து உதிர்ந்திருந்தன. தணிகாசலம் ஒரு கிளையை வளைத்துப் பார்த்தான்.

பூக்கதிருக்குள் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. விரலால் தொட்டான். விரலில் மஞ்சள் தூள் ஒட்டியது.

ஆண்.

கதிர்களை நெருடிப் பார்த்தான். விதை பிடித்திருந்தது. ஏழு வருஷமாகத் தப்பாத கை தப்பிவிட்டது. அதையும் குரு பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, சொல்லிக்காட்டாமல், போய்ப் பார் என்கிறார். மகளை வளர்க்க முடியாதவன் இதையும் பார்க்கத் தெரியாதவன் என்கிறார்.

அடித்தண்டை இரண்டு கையாலும் பிடித்து வேரோடு பிடுங்கினான். "பொறுத்துக்கோ" என்று சொல்லவில்லை.

செடியைக் கொண்டுவந்து மடத்தம்மாவின் முன்னால் போட்டான்.

"ஒண்ணு தப்பிடுச்சும்மா. மன்னிச்சுக்கங்க."

மடத்தம்மாவின் கை நின்றது. செடியைப் பார்த்தார். வேரில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார்.

"இது ஆண் இல்லை தணிகாசலம்."

"மகரந்தம் இருக்கேம்மா. இதோ என் விரல்ல."

"அதே கிளையை இன்னொரு தரம் பாருங்க."

பார்த்தான். மஞ்சள் பூவைச் சுற்றி, பெண் பூவுக்கே உரிய நூல் போன்ற இழைகள் காய்ந்து சிவந்து கிடந்தன. ஒரே கிளை. ஒரே கதிர்.

"ரெண்டும் ஒண்ணுலயா?"

"ஐப்பசி மழையில சுவர் ஒழுகி, பல வருஷத்துக்குச் சேர்த்துவெச்ச விதைப்பானை நனைஞ்சுது. எடுத்துப் பார்த்தா எல்லாம் பூசணம். அதுக்குள்ள நீங்க ஆண் எல்லாத்தையும் பிடுங்கி முடிச்சிருந்தீங்க. அடுத்த வருஷத்துக்கு விதை இல்லை. அதான் இதை மட்டும் விட்டுவெச்சேன்."

"ஆணே இல்லாம இதை விட்டு என்னம்மா பிரயோசனம்?"

"காத்திருக்கும். பூ மேல பூ வைக்கும். காத்துல ஏதாவது வருதான்னு பார்க்கும். வராது. பக்கத்துல நின்னதெல்லாம் அறுத்தாச்சு. பனி இறங்கும், இலை பழுக்கும். இனி நாள் இல்லைன்னு ஆனப்புறம், எந்தப் பூ இல்லையோ அந்தப் பூவையும் தானே வெச்சுக்கும்."

அவன் செடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாச் செடியும் இப்படிச் செய்யுமாம்மா?"

"செய்யாது. நிறைய, நின்ன இடத்துலயே காய்ஞ்சுபோகும்."

மடத்தம்மா செடியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு கதிராக உதிர்த்தார். விதைகள் பச்சையாக இருந்தன. நகத்தால் அழுத்தினால் பால் வந்தது. ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்து ஓரமாக ஒதுக்கினார். அடிக்கிளையில் மட்டும் சில விதைகள் பழுப்பேறியிருந்தன. அவற்றைத் தனியே எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டார். கிண்ணத்தின் அடியைக்கூட அவை மறைக்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நாள் நின்னிருந்தா முத்தியிருக்குமா?" என்று கேட்டான்.

"முத்தியிருக்கும்."

"என்னைத் திட்டுங்கம்மா."

கட்டிலில் கிழவர் உரக்க முனகினார். மடத்தம்மா எழுந்துபோய் அவர் தலையைத் தூக்கி, மருந்தைத் துளித் துளியாக நாக்கில் விட்டார். முனகல் மெல்ல அடங்கியது.

"இனி தூங்குவார்," என்றார். திட்டவில்லை.

தணிகாசலம் அந்தக் கட்டிலைப் பார்த்தான். அதே கட்டில்தான். கடைசி நாளில் அவன் மனைவி அதில்தான் படுத்திருந்தாள். மருந்தில் வலி போயிருந்தது. நினைவும் பாதி போயிருந்தது. கண் திறக்காமலே கேட்டாள்.

"பாப்பாவுக்குத் தலை வாரிட்டீங்களா?"

"வாரியாச்சு," என்று அவன் சொன்னான்.

அவள் சிரித்த மாதிரி இருந்தது. பிறகு பேசவில்லை.

மறுநாள் விடிந்ததும் குப்பாயி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தணிகாசலம் அங்கே அவளுக்கு முன்பே நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு வேட்டி, மடியில் மனைவியின் மரச்சீப்பு. அவனிடம் வேறு சாமான் இல்லை.

"வரியா?" என்றாள் குப்பாயி.

"வரேன்."

"வழியில கால் வலிக்குதுன்னு திரும்பிடாதே. நான் இழுத்துக்கிட்டுப் போகமாட்டேன்."

மடத்தம்மா கொல்லையில் இருந்தார். அவன் அங்கே பார்த்துக் கும்பிட்டான். அவர் தலையை அசைத்தார். அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் புரட்டாசியில் அவன் மகளோடு மடத்துக்கு வந்தான். ஆள் இளைத்திருந்தான். ஊரில் கூலி வேலைக்குப் போவதாகச் சொன்னான். செங்கமலம் அவனை ஒட்டி நிற்காமல் நாலடி தள்ளி நின்றாள். இரட்டைச் சடை. ஒன்று காதுக்கு மேலேயும் இன்னொன்று கழுத்துக்கு அருகேயும் தொங்கின.

"யாரு கண்ணு சடை போட்டுவிட்டது?" என்றார் மடத்தம்மா.

"இவருதான்." அவள் தகப்பனைப் பார்க்காமல் சொன்னாள். "இவருக்கு வகிடே எடுக்கத் தெரியாது. நானே போட்டுக்கறேன்னாலும் விடமாட்டாரு. விடிஞ்சா போதும், சீப்பைத் தூக்கிக்கிட்டு வந்துடுவாரு."

"வலிக்குதா?"

"முன்னாடி வலிச்சுது. இப்ப அவ்வளவா இல்லை."

தணிகாசலம் பழைய வழக்கத்தில் பாத்திக்குப் போனான். முளைத்தவை கொஞ்சம்தான். குனிந்து ஒவ்வொரு செடியின் கணுவையும் பார்த்தான். பிடுங்குவதற்கு ஒன்றும் இல்லை. இன்னொரு தரம் பார்த்தான்.

"ஒண்ணுகூட ஆண் இல்லையேம்மா."

"தாய் தனியாவே நின்னு பெத்த பிள்ளைங்க. ஆண் எங்கேயிருந்து வரும்?"

அவன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

சிறுமி ஓடைக்கரைக்குப் போயிருந்தாள். தாயைப் புதைத்த இடத்தில் இருந்த கல்லின் முன்னால் நின்று, என்ன செய்வது என்று தெரியாமல், கல்லின் மேல் விழுந்திருந்த சருகுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

தணிகாசலம் தூரத்திலிருந்தே அவளைப் பார்த்தான். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான்.

"இவரு, அவருன்னுதாம்மா சொல்றா. ஒரு வருஷம் ஆகப்போகுது. இன்னும் ஒரு தடவைகூட அப்பான்னு கூப்பிடலை."

மடத்தம்மா பாத்தியில் சாய்ந்திருந்த ஒரு செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"போன வருஷம் நின்ன அந்தச் செடியை யார் அம்மான்னு கூப்பிட்டாங்க?" என்றார்.

தணிகாசலம் பாத்தியை விட்டு வெளியே வந்தான். பிறகு ஓடைக்கரைக்குப் போனான். மகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, மேலே ஏறியிருந்த சடையை அவிழ்த்து, மடியிலிருந்து சீப்பை எடுத்தான்.