முரசு நிற்காத நாடு

முன்னொரு காலத்தில் வெண்குன்ற நாட்டைக் கோவேந்தன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி.

ஒருமுறை எல்லையில் பகைவர் படை வந்து நின்றது. பயந்துபோன ராஜா ஆபத்து முரசை அடிக்கச் சொன்னார். அது ஓயும்வரை நியாய மன்றத்துக்குப் பூட்டு. தளபதி யாரைப் பிடித்தாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. ஆபத்து தீர்ந்ததா என்று சொல்லவேண்டியவரும் அதே தளபதிதான். எப்படி இருக்கிறது ஏற்பாடு!

பகைவர் வந்த வழியே ஓடிப்போனார்கள். முரசு மட்டும் ஓயவில்லை. தளபதி வீரகேதுவுக்கு அந்த அதிகாரம் வெல்லமாக இனித்தது. மந்திரி நல்லாதனின் செல்வாக்கைக் கண்டு வெகுநாளாக வயிறெரிந்தவர் அவர். இப்போது மந்திரி வாயைத் திறந்தாலே, "ஆபத்துக் காலத்தில் ஆலோசனை எதற்கு?" என்று அடக்கிவிடுவார்.

ஒருநாள் செங்காணி என்பவள் மந்திரியின் வாசலில் வந்து அழுதாள். "சாமி, எம் புருசன் உலகன் செக்கு ஓட்டுறவரு. 'ஆபத்தும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல, எதுக்கு இந்த முரசு?'ன்னு சந்தையில சொல்லிப்புட்டாரு. புடிச்சு உள்ள போட்டுட்டாங்க. மன்றமும் பூட்டிக் கிடக்கு. நான் யாருகிட்ட போய்க் கேப்பேன்?"

நல்லாதனுக்கு வெட்கமாக இருந்தது. மந்திரி என்று பெயர் வைத்துக்கொண்டு என்ன பயன்?

மறுநாள் சபையில் மெல்ல ஆரம்பித்தார். "தளபதியாரே, ஆபத்து இன்னும் இருக்கிறதா?"

"இருக்கிறதாவா? நாலாபுறமும் இருக்கிறது!"

"அடடா, அப்படியானால் மன்னர் ஏன் வெறும் பட்டோடு இருக்கிறார்? முரசு ஓயும்வரை மன்னர் கவசம் கழற்றுவதில்லை என்பது நம் நாட்டு வழக்கமாயிற்றே!"

தளபதியால் மறுக்க முடியவில்லை. ராஜாவோ கவசத்தோடு கண்ணாடி முன் நின்று மீசையை முறுக்கிக்கொண்டார்.

அது சித்திரை மாதம். எண்ணெய்க் குளியல் போயிற்று. முதுகெல்லாம் வேர்க்குரு, இரும்புக்கு மேல் சொறிந்து என்ன ஆகும்? ராணி மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

ராஜா தடதடவென்று சபைக்கு வந்தார். "வீரகேது! ஆபத்து எப்போதய்யா தீரும்?"

"சொல்வதற்கில்லை, மன்னா. வேண்டுமானால் கவசத்தை மட்டும் கழற்றி…"

"ஆபத்து நேரத்தில் மன்னரின் கவசத்தைக் கழற்றச் சொல்கிறீர்களே, நீங்கள் யார் பக்கம்?" என்றார் நல்லாதன்.

ராஜாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஆபத்தும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை! எதற்கு இந்த முரசு?" என்று கத்தினார்.

நல்லாதன் எழுந்தார். "தளபதியாரே, இதே வார்த்தையைச் சொன்ன உலகன் சிறையில் கிடக்கிறான். மன்னரை எந்த அறையில் அடைக்கப்போகிறீர்கள்?"

வெளியே முரசு முழங்கிக்கொண்டிருந்தது. ராஜா தலையைக் குனிந்தார்.

"முரசை நிறுத்துங்கள். அந்த மனிதனை விடுங்கள். மந்திரியாரே, என்ன பரிசு வேண்டும்?"

"முரசு முழங்கினாலும் மன்றக் கதவு திறந்திருக்க வேண்டும், அரசே. பிடிபட்டவரை ஏன் பிடித்தீர்கள் என்று அது கேட்க வேண்டும். ஆபத்து தீர்ந்ததா என்பதையும் மன்றமே சொல்லட்டும்."

"அப்படியே ஆகட்டும். இனி முரசை அடிக்கச் சொல்பவர் முதலில் இந்தக் கவசத்தைப் போட்டுக்கொள்ளட்டும்" என்ற ராஜா, அதைக் கழற்றி அப்போதே வீரகேதுவுக்கு மாட்டிவிட்டார். சித்திரை முடியும்வரை கழற்றக் கூடாது என்று உத்தரவு.

சிறை வாசலில் செங்காணி புருசனின் கையைப் பிடித்துக்கொண்டாள். உலகன் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, அவள் காதோரம் கிசுகிசுத்தான். "முரசு நின்னுபோச்சா?"

"சத்தமாவே கேளுய்யா" என்றாள் செங்காணி.