பெரியப்பாவின் சாப்பாடு

"என்னைக் கொல்லப் போறீங்களா மேடம்?"

குழந்தைவேலு கேட்டேவிட்டார். காலையில் மேக்கப் போட உட்கார்ந்ததிலிருந்து தொண்டையில் நின்ற கேள்வி.

டைரக்டர் அருள்செல்வி மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குழந்தைவேலுவைவிட வயதில் சின்னவர்தான். ஆனால், மேடை நாடகத்தில் கத்திக்கொண்டிருந்தவரைக் கூட்டிவந்து, கேமரா முன்னால் மெதுவாகப் பேசக் கற்றுக்கொடுத்தவர்.

"யார் சொன்னாங்கண்ணே?"

"யாரும் சொல்லல. அதான் பயமா இருக்கு."

சீரியலில் அவர் பெரியப்பா. காய்கறி வாங்கப் போனாலும் ஜனங்கள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பெரியப்பா செத்துவிட்டால் குழந்தைவேலுவை யாருக்கும் தெரியாது.

"ஆர்ட் டிபார்ட்மென்ட்ல என் போட்டோ கேக்கறாங்க. சிரிச்ச முகமா வேணுமாம்."

"ஹால்ல மாட்டத்தான்."

"உயிரோட இருக்கறவன் படத்தை யார் மேடம் ஹால்ல மாட்டுவா?"

"எங்க மாமனார் மாட்டியிருக்காரே."

குழந்தைவேலுவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"சுலோச்சனா இன்னைக்கு அவங்க ஃபேனை என் பக்கம் திருப்பி வைக்கறாங்க. இத்தனை வருஷமா எனக்குப் பொண்டாட்டியா நடிக்கறாங்க, ஒரு நாள் திருப்பினதில்ல."

"வெயில் அப்படி. போய் உக்காருங்கண்ணே, சாப்பாட்டு சீன்."

தம்பி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான சந்தோஷத்தில் குடும்பமே உட்கார்ந்து சாப்பிடுகிறது. பெரியப்பாவுக்கு வசனம் இல்லை.

போதாததற்கு அது வேறு.

"ஆக்‌ஷன்!"

சுலோச்சனா சாம்பார் ஊற்றினார். கேட்காமலே இன்னொரு கரண்டியும் ஊற்றினார். குழந்தைவேலு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

தம்பியாக நடிப்பவர் தன் அப்பளத்தை எடுத்து இவர் இலையில் வைத்தார்.

இவன் எதற்கு வைக்கிறான்?

சோற்றைப் பிசைந்துகொண்டே ஒவ்வொரு முகமாகத் துழாவினார்.

"கட். அண்ணே, இங்க வாங்க."

மானிட்டரில் அந்தக் காட்சியைத் திரும்ப ஓடவிட்டார் அருள்செல்வி.

"என்ன தெரியுது?"

"சாப்பிடறேன்."

"நல்லாப் பாருங்க."

சுற்றிலும் எல்லோரும் சிரிக்கிறார்கள். நடுவில் ஒரு மனுஷன், யாரோ சோற்றில் விஷம் வைத்துவிட்டதுபோல உருண்டையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

குழந்தைவேலுவின் குரல் இறங்கிவிட்டது.

"மனசுல அதுவே ஓடுது மேடம். சாகறேனா இல்லையா, அதை மட்டும் சொல்லிடுங்க."

"நான் உங்ககிட்ட ஏதாவது சொன்னேனா?"

"இல்ல."

"அப்புறம் நீங்க ஏன் பெரியப்பாகிட்ட சொன்னீங்க?"

குழந்தைவேலு திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

"ஒன் மோர்!"

புது இலை போட்டார்கள். சோறு வந்தது. சுலோச்சனா வந்தார். இந்த முறையும் அந்த இன்னொரு கரண்டியை ஊற்றினார். குழந்தைவேலு நிமிரவில்லை. சோற்றில் பாத்தி கட்டி வாங்கிக்கொண்டார். பிசைந்து, ஒரு வாய் போட்டார்.

"உப்பு கம்மி," என்றார் பெரியப்பா.

எழுதிக் கொடுத்த காட்சியில் அப்படி ஒரு வரி கிடையாது. சுலோச்சனா ஒரு நொடி திகைத்தார். பிறகு பட்டென்று சொன்னார்:

"உங்க ரத்தக் கொதிப்புக்கு இது போதும். பேசாம சாப்பிடுங்க."

அருள்செல்வி கட் சொல்லவில்லை.