ராசாவும் சிணுங்கிய நாள்

முன்னொரு காலத்தில் வெண்குன்ற நாட்டைக் கோளரிவர்மன் என்றொரு ராசா ஆண்டுவந்தான். எதிரி யானைப்படையோடு வந்தாலும் அசையாத ஆள். ஆனால் மூன்று வயது மகள் செம்பவளம் "ம்ம்ம்... ப்பாஆ..." என்று இழுத்தால் போதும், எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவான். கிரீடத்தைக் கழற்றுவான், மாட்டுவான், மறுபடி கழற்றுவான். "என்ன வேணுமோ கொடுத்துத் தொலையுங்களேன்!" என்று கத்துவான். கொழுக்கட்டை வரும், கிளி வரும், தங்கக் கிலுகிலுப்பை வரும். பிள்ளை சற்று அடங்கும். பிறகு மறுபடி "ம்ம்ம்..."

தாயில்லாத அந்தப் பிள்ளையைப் பிறந்த நாள் முதல் வளர்த்தவள் செவிலி பூங்காவனம். மடியில் பிள்ளை இருப்பதால் சபையில் உட்கார அவளுக்கு ஒரு முக்காலி உண்டு. மற்றவர்கள் எல்லாரும் நிற்க வேண்டும். அவைத்தலைவர் தாண்டவராயருக்கு அந்த முக்காலியைப் பார்த்தாலே வயிறு எரியும்.

ஒருநாள் அவர் ராசாவின் காதில் மெல்ல ஊதினார். "மகாராசா, பிள்ளை மேல தப்பில்லை. வளர்ப்பு சரியில்லை. செவிலியை மாத்துங்க, சிணுங்கல் தானா நிக்கும்."

ராசா ஏற்கெனவே தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். "பூங்காவனம்! கொடிமரத்து நிழல் கிழக்கு மதிலைத் தொடுறதுக்குள்ள இந்தச் சிணுங்கல் நிக்கணும். இல்லைன்னா நீ நாட்டு எல்லையைத் தாண்டிப் போயிடு!"

பூங்காவனம் பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டாள். பெறாத பிள்ளைதான், ஆனாலும் அவளுக்கு வேறு பிள்ளை ஏது? வாசலைப் பார்த்தாள். உச்சிவேளை தாண்டி நிழல் நகரத் தொடங்கியிருந்தது.

"சரிங்க ராசா. அதுவரைக்கும் ஒரே ஒரு கட்டளை போடுங்க. சிணுங்கிக் கேட்டா, சபையில யார் காதுலயும் விழக் கூடாது. நேராக் கேட்டா, உடனே பதில் சொல்லணும். கேட்டதைக் கொடுக்கணும்னு இல்லை, பதில் சொல்லணும். இது எல்லாருக்கும் பொது."

"எல்லாருக்கும்னா?"

"உங்களுக்கும்தான் ராசா."

"எனக்கென்ன, நான் சிணுங்குற ஆளா? போட்டாச்சு கட்டளை!"

செம்பவளம் தொடங்கினாள். "ம்ம்ம்..." சபை விட்டத்தைப் பார்த்தது. ராசா உதட்டைக் கடித்துக்கொண்டு தூணுக்குத் தூண் நடந்தான். நிழல் ஒரு முழம் நகர்ந்தது.

தாண்டவராயருக்குப் பொறுக்கவில்லை. "காலையிலருந்து நிக்கிறேன்... முட்டி வலிக்குது... எல்லாருக்கும் எல்லாம் இருக்கு, எனக்கு மட்டும் ஒரு ஆசனம் இல்லை... என்னை யார் நினைக்கிறா..."

சபை விட்டத்தைப் பார்த்தது. நிழல் இன்னும் ஒரு முழம்.

ராசாவுக்குப் பசி. "எவ்வளவு நேரந்தான் பட்டினி கிடக்கிறது... இந்த அரண்மனையில என் பேச்சை யார் கேக்குறா... ஒரு வாய் சோறு..."

தட்டோடு வாசலில் நின்ற சமையற்காரர் நகரவில்லை. அவரும் விட்டத்தைப் பார்த்தார்.

செம்பவளத்தின் வாய் அப்படியே திறந்து நின்றது. "அப்பா சிணுங்குது!" என்றாள். சபை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது.

ராசாவின் முகம் சிவந்தது. தொண்டையைச் செருமினான். "ஐயா, எனக்குப் பசிக்குது. சாப்பாடு வைங்க." தட்டு உடனே வந்தது. பிள்ளை அதை உற்றுப் பார்த்தாள்.

சாப்பிட்டு எழுந்த ராசா தளபதியோடு பேச உட்கார்ந்தான். மதிலுக்கும் நிழலுக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. செம்பவளம் நடந்து போய் அவன் முழங்காலைத் தொட்டாள்.

"அப்பா, தூக்கு."

ராசா பேச்சில் மும்முரமாக இருந்தான்.

"அப்பா, தூக்கு."

குதிரை லாயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான். பிள்ளையின் உதடு பிதுங்கியது. பூங்காவனம் முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"ராசா! நேராக் கேட்டா பதில் சொல்லணும்னு கட்டளை. ரெண்டு தரம் கேட்டுட்டா. தினமும் இப்படித்தான் கேக்குறா. மூணாவது தரந்தான் சிணுங்குறா. உங்க காதுல அந்த மூணாவது மட்டுந்தான் விழுது!"

ராசா கிரீடத்தைக் கழற்றிக் கீழே வைத்தான். பிள்ளையைத் தூக்கினான். "இதுதானாம்மா உனக்கு வேணும்? இதுக்கா உனக்குக் கிளியும் கிலுகிலுப்பையும் கொடுத்தேன்?" செம்பவளம் அவன் மீசையை இழுத்துப் பார்த்துவிட்டுத் தோளில் சாய்ந்துகொண்டாள். வெளியே நிழல் மதிலைத் தொட்டது. சபையில் ஒரு முனகல் இல்லை.

"பூங்காவனம், நாடு கடத்த வேண்டியது என் செவிட்டுக் காதைத்தான். இனி இந்தச் சபையில யாராவது நேராக் கேட்டு நான் கவனிக்கலைன்னா, நீ இப்படியே எழுந்து என்னைக் கேளு. அந்த உரிமை உனக்கு மட்டுந்தான்" என்றான். பூங்காவனம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ராசா திரும்பினான். "தாண்டவராயரே, உமக்கும் ஏதோ வேணும்போல இருந்துச்சே?"

"நான் என்னத்தைக் கேட்டு... எனக்கு யார் தரப்போறா..."

தோளிலிருந்து செம்பவளம் தலையைத் தூக்கினாள். "நல்லாக் கேளு!"

சபை கொல்லென்று சிரித்தது. அவைத்தலைவர் நிமிர்ந்து நின்றார். "அரசே, உட்கார எனக்கு ஓர் ஆசனம் வேண்டும்."

"கொடுத்தாச்சு!" என்றான் ராசா. அந்த நொடியே ஆசனம் வந்தது. கிளிப் படம் போட்ட, செம்பவளத்தின் குட்டி முக்காலி. முழங்கால் தாடையில் இடிக்க அதில் உட்கார்ந்தார் தாண்டவராயர். கடைசி வரைக்கும் அதில்தான் உட்கார்ந்தார். பெரிசாக ஒன்று வேண்டும் என்று நேராகக் கேட்டிருந்தால், ராசா அன்றைக்கே கொடுத்திருப்பான்.