எரிச்சான் ஏறிப் போன வழி

நொசு நொசு... நொசு நொசு...

கேக்குதா? எலி இல்ல. மழைத் தண்ணியும் இல்ல. என்ன சத்தம்னு சொல்றேன், நீ "ம்" கொட்டணும். கொட்டலைன்னா பெரியப்பா பாதியில நிறுத்திருவேன்.

"ம்."

கடலோரமா ஒரு ஊரு. சுத்தியும் உப்பளம். அங்கங்க வெள்ளை வெளேர்னு உப்பு குவிச்சு வச்சிருக்கும், வெயில்ல பார்த்தா கண்ணு கூசும். அந்த ஊர்ல ஒரு பால்வாடி. அம்மாக்காரிங்க எல்லாம் விடிஞ்சதும் புள்ளைங்களைக் கொண்டாந்து அங்க விட்டுட்டு உப்பு வாரப் போயிருவாங்க. ஒருநாள் மத்தியானம் சோறு தின்னுட்டு புள்ளைங்க அம்புட்டும் பாயில தூங்குதுங்க. பேச்சியாயா, அவதான் பால்வாடி ஆயா, சுவத்துல சாஞ்சு லேசா கண்ணசந்தா. அப்பதான் அந்தச் சத்தம். நொசு நொசு.

ஆயா எந்திரிச்சு ஒவ்வொரு பாயா குனிஞ்சு பார்த்துக்கிட்டே போனா. கடைசிப் பாயில செல்வக்கனி. நாலு வயசுப் புள்ள. ரெண்டு கையையும் மடக்கிக் கண்ணைக் கசக்குறா. கையை விலக்கிப் பார்த்தா கண்ணு ரெண்டும் கோவைப்பழம், ஓரத்துல பீளை.

"ஏட்டி, என்ன இது?"

"எரியுது ஆயா."

பெரியவங்க இதை மெட்ராஸ் ஐ-ன்னு சொல்லுவாங்க. ஆனா உள்ள இருந்தவன் பேரு எரிச்சான்.

"எரிச்சான்னா யாரு?"

அவனா? கடுகைப் பொடி பண்ணி, அந்தப் பொடியை இன்னும் பொடி பண்ணினா எம்புட்டு இருக்கும், அதைவிடச் சின்னவன். அவனுக்குக் கால் கிடையாது. றெக்கை கிடையாது. தானா ஒரு அடி நகர மாட்டான். யாராவது தூக்கிட்டுப் போனாத்தான் உண்டு. டவுன்ல ஒரு கல்யாண வீட்டுல செல்வக்கனியும் நாலஞ்சு புள்ளைங்களும் ஒரே தலகாணியில தலைவச்சுப் படுத்துச்சுங்க. அங்க ஏறினவன் ஊர் வந்து சேர்ந்துட்டான். செல்வக்கனி கண்ணுக்குள்ள உக்காந்து ஒரு பாட்டு வேற பாடுவான்.

*காலும் இல்ல, றெக்கையும் இல்ல,*
*கவலை எனக்கு எதுக்குப் புள்ள?*

"ம்."

அப்போ பேச்சியாயா என்ன பண்ணினா, அய்யோ புள்ளைக்கு எரியுதேன்னு வாசல் தொட்டித் தண்ணியில மூஞ்சியைக் கழுவி, தன் முந்தானையை எடுத்து மெதுவா ஒத்தி ஒத்தித் துடைச்சு விட்டா. அவ துடைச்சா பஞ்சு மாதிரி இருக்கும். பெத்த அம்மா கூட வரட் வரட்னுதான் துடைப்பா. பேச்சியாயா துடைக்கிறதுக்காகவே புள்ளைங்க தூங்கி எந்திரிச்சதும் தொட்டிகிட்ட வரிசையில வந்து நிக்கும். நண்டு மாதிரி ஒரு வாலு, சிட்டுக்கனின்னு பேரு, அவ மட்டும் "எனக்கு வேணாம்"னு ஈர மூஞ்சியோட ஓடிருவா.

அப்புறம் செல்வக்கனியோட அம்மா இசக்கி வந்தா. பால்வாடி டீச்சர் சொன்னாங்க, "இசக்கி, கண்ணு சரியாகுற வரைக்கும் இவளைக் கூட்டிட்டு வராத."

டீச்சர் சொன்னது சரிதான். ஆனா இசக்கி புள்ளைய எங்க விடுவா? மறுநாள் உப்பளத்துக்கே தூக்கிட்டுப் போனா. உப்புல பட்ட வெயில் ஊசி மாதிரி கண்ணுல இறங்கிச்சு, புள்ள வீல் வீல்னு கத்திச்சு. அடுத்த நாள் பால்வாடிக்கு எதுத்தாப்புல இருந்த பூவரசு நிழல்ல ஒரு சாக்கை விரிச்சு, தண்ணி செம்பைப் பக்கத்துல வச்சு, "இங்கயே இரு தாயி"ன்னு உக்கார வச்சுட்டுப் போனா. ஆயா சோத்துத் தட்டை அங்கயே கொண்டுபோய்க் குடுத்தா.

ஆனா எரிச்சான் நின்னானா? நிக்கலை. ஆத்திமுத்துக்குக் கண்ணு செவந்துச்சு. அடுத்தது ராஜி. அடுத்தது மைதீன். நொசு நொசு, நொசு நொசு, பால்வாடி பூரா இதே சத்தம்.

ஆத்திமுத்தோட அம்மா பொன்ராணி இடுப்புல கைய வச்சுட்டு வந்து நின்னா. "இந்தக் கண்ணுவலி, கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கும். அந்தா மரத்தடியில உக்காந்து முழிச்சு முழிச்சுப் பார்க்கா பாரு ஒருத்தி. அவ பார்வைதான்."

"பார்த்தா ஒட்டிக்குமா பெரியப்பா?"

இரு, கதை எங்க ஓடிப்போகுது.

பொன்ராணி கோயில் கொடைத் திருவிழாக் கடையில கருப்புக் கண்ணாடி வாங்கிட்டு வந்தா. மத்தவளுகளும் வாங்கினாளுக. மறுநாள் பால்வாடிக்குள்ள பார்த்தா, எல்லாம் சினிமா வில்லன் மாதிரி கருப்புக் கண்ணாடி போட்டுட்டு உக்காந்திருக்கு. ஒண்ணுக்கும் வழி தெரியலை. டமார்னு கதவுல ஒண்ணு, டொம்முனு தூண்ல ஒண்ணு. கண்ணாடிக்குள்ள வேர்த்து ஒழுகுது. "ஆயா, வேர்க்குது." ஆயா கண்ணாடியைக் கழட்டி, மூஞ்சியைக் கழுவி, ஒத்தி ஒத்தித் துடைச்சு, திரும்ப மாட்டி விட்டா. அடுத்த புள்ள. அடுத்த புள்ள. அப்போ ஒரு சின்னச் சிரிப்பு. ஹிக் ஹிக் ஹிக்.

*காலும் இல்ல, றெக்கையும் இல்ல,*
*கவலை எனக்கு எதுக்குப் புள்ள?*

இன்னும் கொஞ்சம் புள்ளைங்களுக்குக் கண்ணு செவந்துச்சு.

அப்புறம் பொன்ராணி, "கண்ணாடி பத்தாது, மரத்துப் பக்கம் இருக்கிற ஜன்னலைச் சாத்துங்க"ன்னா. படார், படார்னு சாத்தினாங்க. உள்ள ஒரே புழுக்கம். புள்ளைங்க வேர்வையில நனைஞ்ச கோழிக்குஞ்சு மாதிரி ஆயிருச்சுங்க. ஆயா தொட்டிக்கும் படிக்கும் நடந்து நடந்து துடைச்சா. அன்னைக்கும் சிரிப்புக் கேட்டுச்சு. ஹிக் ஹிக் ஹிக்.

"ம்... பாட்டு?"

பாட்டும் பாடினான். நீயே பாடிக்கோ.

மூணாவதா என்ன பண்ணினாங்கன்னா, ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்க்கவே கூடாதுன்னு எல்லாத்தையும் சுவத்தைப் பார்த்துத் திருப்பி உக்கார வச்சாங்க. விளையாட்டு இல்ல, பேச்சு இல்ல, மூக்குக்கு நேரா சுண்ணாம்புச் சுவரு. ஒரு புள்ள அழுதுச்சு. அதைக் கேட்டு இன்னொண்ணு. ங்ஙே... ங்ஙேன்னு அம்புட்டும் அழுதுச்சு. கண்ணீரும் மூக்குச்சளியுமா ஒழுகுது. ஆயாவுக்கு மனசு கேக்குமா? ஓடி ஓடித் துடைச்சா. எரிச்சானுக்கு அன்னைக்குத் திருவிழா.

"ஆயாவுக்கு வரலையா?"

நல்லா கேட்ட. ஆயா தன் வேர்வையை முழங்கையால வழிச்சு விட்டுக்குவா. முந்தானை புள்ளைங்களுக்குத்தான்.

அன்னைக்குச் சாயங்காலம் பொன்ராணி நேரா இசக்கி வீட்டு வாசல்ல போயி நின்னா. கூடவே நாலு பேரு.

"இங்க பாரு இசக்கி. கண்ணாடி போட்டுப் பார்த்தாச்சு. ஜன்னலைச் சாத்தியாச்சு. சுவத்தைப் பார்த்து உக்கார வச்சாச்சு. உம் பொண்ணு பார்வை எல்லாத்தையும் துளைச்சிட்டு வருது. இவளை உங்க ஆத்தா ஊருக்கு பஸ் ஏத்தி விட்டுரு."

"எனக்குன்னு இருக்கது அவ ஒருத்திதான் மதினி. அங்க ஆத்தாவுக்கே கஞ்சி ஊத்த ஆள் இல்ல."

"அதுக்காக எம்புள்ள கண்ணு போகணுமா?"

இசக்கி ராத்திரியோட ராத்திரியா ஒரு பையில செல்வக்கனி பாவாடை சட்டையெல்லாம் மடிச்சு வச்சா. நாளை மறுநாள் பஸ்ஸு. செல்வக்கனி பையைப் பார்த்தா, அம்மாவைப் பார்த்தா.

தூங்கிட்டியா?

"இல்ல. அவ போயிட்டாளா?"

கேளு. மறுநாள் கடைசி நாள். செல்வக்கனி மரத்தடியில இருக்கா. இத்தனை நாள்ல அவ கண்ணு தெளிஞ்சு பளிச்சுனு ஆயிருச்சு. ஆனா யாரு நம்புறா? மத்தியானம் ஆயா சோத்துத் தட்டோட வந்தா. தட்டை வச்சுட்டு, புள்ள மூஞ்சியைப் பார்த்தா. கன்னமெல்லாம் புழுதி. "வா ராசாத்தி, துடைச்சு விடுறேன்"னு முந்தானையை எடுத்தா.

செல்வக்கனிக்கு ரொம்ப ஆசைதான். ஆயா துடைச்சு விடமாட்டாகளான்னுதான் தினமும் ஏங்கிக்கிட்டு இருந்தா. ஆனாலும் தலையைப் பின்னால இழுத்துக்கிட்டா.

"அதுல வேணாம் ஆயா. அதுல மைதீன் இருக்கான்."

"என்னட்டி சொல்லுத?"

"நீங்க வரிசையா துடைப்பீகள்ல. நான் இங்கருந்து பார்த்துக்கிட்டே இருப்பேன். முதல்ல ஆத்திமுத்து, அப்புறம் ராஜி, அப்புறம் மைதீன். அதே வரிசையிலதான் எல்லாருக்கும் கண்ணு செவக்கு. சிட்டுக்கனிக்கு மட்டும் வரவே இல்ல. அவதான் துடைக்க விடாம ஓடிருவாளே."

ஆயா திரும்பிப் பால்வாடியைப் பார்த்தா. வாசல்ல சிட்டுக்கனி நிக்கா. மூக்கு ஒழுகுது, கன்னத்துல சோத்துப் பருக்கை. கண்ணு ரெண்டும் கழுவின கண்ணாடிக் குண்டு மாதிரி பளபளன்னு இருக்கு.

அப்புறம் ஆயா தன் முந்தானையைப் பார்த்தா. ஓரம் பூரா ஈரம். அங்கதான் எரிச்சான் சட்டமா உக்காந்திருந்தான். பாட்டை நிறுத்திட்டான்.

ஆயா அப்படியே புழுதியில உக்காந்துட்டா. "நானாட்டி எல்லாத்துக்கும் சுமந்து சுமந்து குடுத்தேன்?"

"நீங்க இல்ல ஆயா. துணிதான்."

அப்போ ஆயா எந்திரிச்சு டீச்சர்கிட்ட போயி, ஒண்ணு விடாம சொன்னா. டீச்சர் நெத்தியில கைய வச்சுக்கிட்டாங்க. "பார்க்கிறதால ஒட்டாது, தொட்ட கையும் துணியும்தான் ஒட்டவைக்கும். நானும் இதை எப்பவோ கேட்டிருக்கேன். ஆனா நீங்க துடைக்கிறதைப் பார்த்தும் எனக்கு அந்த நினைப்பே வரலை பாருங்க."

சாயங்காலம் காலெல்லாம் உப்புப் பூத்து அம்மாக்காரிங்க வந்தாளுக. ஆயா படியில நின்னு சொன்னா, "பஸ்ஸுக்குப் போக வேண்டியது இந்தப் புள்ள இல்ல. என் முந்தானைதான்."

துணி ஒட்டவச்ச கதையையும் சொன்னா. பொன்ராணிக்கு வாய் நிக்குமா? "அப்ப இனிமே புள்ளைங்க மூஞ்சியைக் காத்தா துடைக்கும்?"

செல்வக்கனி சொன்னா, "அவுகவுக அம்மா முந்தானை துடைக்கட்டும்."

"நாங்கதான் உப்பளத்துல கிடக்கோமே."

"கிழிச்சுக் குடுத்துட்டுப் போங்க."

எல்லாரும் சிரிச்சுட்டாளுக. பொன்ராணி கூட லேசா உதட்டைக் கடிச்சுக்கிட்டா. "சரி, பார்ப்போம். இதுக்கப்புறமும் ஒரு கண்ணு புதுசா செவந்துச்சு, பஸ்ஸுதான்." இசக்கி பையை அவுக்கலை. கட்டினபடியே மூலையில வச்சா.

மறுநாள் ஒவ்வொரு புள்ள கையிலயும் ஒரு துண்டுத் துணி. அம்மாவோட பழைய சேலையில கிழிச்சது. ஒருத்திக்கு மாம்பழக் கலர், ஒருத்தனுக்குப் பச்சையில கட்டம். ஒருத்தர் துணியை இன்னொருத்தர் தொடக் கூடாது. கண்ணு செவந்த புள்ளைங்களுக்குன்னு பக்கத்துல இருந்த சாமான் அறையை ஒழிச்சு, தனிப் பாய், தனி டம்ளர். அதுங்களைத் தொட்டா ஆயா சோப்புப் போட்டுக் கையைக் கழுவிட்டுத்தான் இந்தப் பக்கம் வருவா. புள்ளைங்களுக்கும் சோப்பு. சளக் புளக், சளக் புளக். ஆயாவோட கை பழக்கத்துல தானா முந்தானைக்குப் போயிரும். அதனால முந்தானையை இடுப்புல சுத்தி இழுத்து முடிச்சுப் போட்டுக்கிட்டா. புள்ளைங்க தானே துடைச்சுக்கிட்டதுல பாதி மூஞ்சி ஈரமாத்தான் இருந்துச்சு. பரவாயில்லைன்னு விட்டுட்டா.

எரிச்சான்? ஆயா அந்தச் சேலையைக் கொதிக்கிற தண்ணியில போட்டா. கொத கொத கொத. "யாராச்சும் தூக்குங்களேன், எனக்குக் கால் இல்லையே"ன்னு கத்தினான். அந்தச் சத்தம் யாருக்கும் கேக்கலை. மிச்சம் மீதி இருந்த எரிச்சானுங்க சாமான் அறைப் புள்ளைங்க துணியிலயே உக்காந்து உக்காந்து, கொடியில போட்டப்ப வெயில்ல காஞ்சு, உதிர்ந்து போனானுங்க.

"எல்லாரும்?"

எல்லாரும். அன்னைக்கு ஒண்ணும் புதுசா செவக்கலை. அடுத்த நாளும் இல்ல. அப்புறம் சாமான் அறையில இருந்து ஒவ்வொருத்தரா வெளிய வந்துதுங்க. கடைசியா ஆத்திமுத்து வந்தான். சுவத்தைப் பார்த்து இல்ல, ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்து வட்டமா உக்காந்து விளையாடினாங்க. வட்டத்துல செல்வக்கனியும் இருந்தா. அந்தக் கருப்புக் கண்ணாடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, பொன்ராணி தானே மாட்டிக்கிட்டு உப்பளத்துக்குப் போனா. மூக்குல நிக்கலை, நூல் கட்டிக்கிட்டா. "கண்ணு கூசலை இசக்கி, நீயும் ஒண்ணு போடு"ன்னு இசக்கி கையில ஒண்ணைத் திணிச்சா. மன்னிப்பெல்லாம் கேக்கலை. அவ கேக்குற விதம் அதுதான்.

அன்னைக்குச் சாயங்காலம் இசக்கி வீட்டுக்கு வந்து மூலையில இருந்த பையை அவுத்தா. பாவாடை ஒண்ணு, சட்டை ஒண்ணுன்னு எடுத்துக் கொடியில போட்டா. கடைசிச் சட்டையை மூஞ்சியில வச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னா. அழுதாளா, மூச்சு விட்டாளான்னு தெரியலை. அப்புறம் குடத்தை எடுத்து இடுப்புல வச்சுக்கிட்டு, எப்பவும் போல குழாயடிக்குத் தண்ணி பிடிக்கப் போனா.

"..."

ம் கொட்டலையே. சரி, கதை வீடு போய்ச் சேர்ந்திருச்சு, நீயும் உறங்கு. நான் போயி நாளைக்குக் குழம்புக்கு வெண்டைக்காயை நறுக்கி வைக்கிறேன்.