காய்ந்த பாறையில் நீச்சல் பாடம்

கூழாங்கல் மடுவின் கரையில் வாழ்ந்த மினுக்கி என்ற நீர்நாய்க்கு மாசி மாதம் ஒரு குட்டி பிறந்தது. ஒரே குட்டி. அதற்குத் துடுப்பன் என்று பெயர் வைத்தது.

உங்களுக்கு ஒரு சங்கதி தெரியுமா? நீர்நாய்க்குட்டிக்குப் பிறக்கும்போது நீச்சல் தெரியாது. தண்ணீரைக் கண்டாலே அலறும். தாய்தான் அதன் பிடரியைக் கவ்வித் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போகும். குட்டி கத்தும், தண்ணீர் குடிக்கும், தும்மும், கரைக்கு ஓடிவரும். தாய் மறுபடியும் கவ்வி இழுக்கும். பத்து நாள் இந்தக் கூத்து நடக்கும். பிறகு தாய் கூப்பிட்டாலும் குட்டி கரைக்கு வராது.

இதைக் கோடையிலேயே முடித்துவிட வேண்டும். அப்போதுதான் மடு ஆழமில்லாமல் அமைதியாக இருக்கும். குட்டியும் தாயின் வாய்க்கு அடங்கும் அளவில் இருக்கும். ஆடி பிறந்துவிட்டால் மலையில் மழை கொட்டும். ஆறு பெருகி மடுவை மூடும். நீர்நாய் வளைக்குள் தண்ணீர் புகும். அன்றைக்கு நீந்தத் தெரியாத குட்டியின் கதி என்ன என்று ஒவ்வொரு தாய் நீர்நாய்க்கும் தெரியும். மினுக்கிக்கும் நன்றாகத் தெரியும்.

அந்த வருடம் பார்த்து மடுவுக்குப் பள்ளிக்கூடம் வந்தது.

பட்டணத்துப் பக்கம் போய்வந்த குரங்குகள் ஒரு மூட்டை ஒளிப்பலகைகளைக் கொண்டுவந்தன. வெயிலில் வைத்து எடுத்தால் அந்தி வரை மின்னும். படம் ஓடும். தொட்டால் பேசும். மடுவில் இருந்த நெட்டைக் கொக்கு அவற்றை வாங்கிவைத்துக்கொண்டு, "இன்றுமுதல் நான் வாத்தியார்!" என்று அறிவித்தார். நேற்றுவரை 'கொக்கு நின்றது' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். இனி 'நின்றார்' என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவருக்குக் கோபம் வரும்.

சித்திரை முதல் வாரத்தில் மினுக்கி குட்டியைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனது.

"வாத்தியாரய்யா, துடுப்பனுக்கு ரெண்டு மாசம்தான் ஆகுது. இப்போதான் இவனைத் தண்ணிக்குள்ள இழுத்துட்டுப் போகணும்..."

"இழுக்கிறதா! பிடரியைக் கவ்வியா!" கொக்கு இறகைச் சிலிர்த்தார். "என்னம்மா இது அநியாயம்! பிஞ்சுக் குழந்தையைக் கதறக் கதற இழுப்பீங்களா? நான் என்னைக்காவது மீனை விரட்டிக்கிட்டு ஓடிப் பாத்திருக்கீங்களா?"

"இல்லீங்க."

"நின்னேன். பாத்தேன். கொத்தினேன். அவ்வளவுதான்! பார்வைதாம்மா படிப்பு. தினமும் சாயங்காலம் பலகையில வீட்டுப்பாடம் வரும். குட்டி பாக்கட்டும், தொடட்டும். நீச்சல் தானா வந்துடும்."

கொக்கு பொய் சொல்லவில்லை. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு உற்றுப் பார்த்தே வயிறு வளர்த்தவர் அவர். தனக்கு வந்தது எல்லாருக்கும் வரும் என்று மனதார நம்பினார்.

"ஒரே ஒரு விஷயம்," என்றார் கடைசியில். "பலகை நனையக் கூடாது. ஒரு சொட்டுப் பட்டாலும் போச்சு! காய்ஞ்ச இடத்துல, காய்ஞ்ச கையோட உக்காந்துதான் பாடம் படிக்கணும்."

மினுக்கி பலகையைக் காய்ந்த சருகில் சுற்றி வாயில் கவ்விக்கொண்டு வீட்டுக்கு வந்தது. கரையிலிருந்து நாலு தாவல் தள்ளி ஒரு மேட்டுப் பாறை இருந்தது. அதைத் தன் வாலாலேயே பெருக்கித் துடுப்பனை உட்கார வைத்தது. வீட்டுப்பாடம் வந்தது.

"தண்ணீர் ஈரமானது. சரி என்றால் மீனைத் தொடு. தவறு என்றால் நண்டைத் தொடு."

துடுப்பன் தண்ணீரை அதுவரை தொட்டதே இல்லை. நண்டு சிவப்பாக இருந்ததால் நண்டைத் தொட்டது. பலகை "ட்டொய்ங்" என்று அழுதது. குட்டியும் அழுதது. மினுக்கி அவசரமாக அதன் விரலைப் பிடித்து மீனின் மேல் வைத்தது. மணி அடித்தது, ஒரு நட்சத்திரம் பூத்தது. இரண்டும் சிரித்தன.

நாளாக ஆகப் பாடம் கூடியது. முன்கால் எது, பின்கால் எது, துடுப்பு போடுவது எப்படி, மூச்சை அடக்குவது எப்படி என்று எல்லாமே படத்தில் வந்தன. குட்டிக்குக் கண் எரியும். பாதிப் பாடத்தில் தலை சாயும். மீதியை மினுக்கியே தொட்டு முடிக்கும். அதிலும் ஒரு தொல்லை. படத்து மீனைத் தலைப்பக்கம்தான் தொட வேண்டுமாம். மினுக்கி பழக்கதோஷத்தில் வயிற்றுப்பக்கம் கைவைக்கும். பலகை "தவறு!" என்று கத்தும்.

"அம்மா, உனக்கு மீன் பிடிக்கவே தெரியலை!" என்று துடுப்பன் கைகொட்டிச் சிரித்தது.

அந்த மடுவிலேயே மினுக்கியைப் போல மீன் பிடிக்க ஆள் கிடையாது. ஆனாலும் அதற்கு வெட்கமாகப் போய்விட்டது. நமக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை, குட்டியாவது முறையாகக் கற்றுக்கொள்ளட்டும் என்று நினைத்துக்கொண்டது. அப்படி நினைத்ததை எண்ணிப் பிற்பாடு அது எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டது தெரியுமா!

பக்கத்துக் கோரைப்புதரில் இருந்த நாமக்கோழி என்ற நீர்ப்பறவை வேறு தினமும் வந்து வாயைக் கிளறும்.

"எங்க வீட்டு வாண்டுகளுக்கு நேத்து எட்டு நட்சத்திரம்! உங்க வீட்டுல எத்தனை மினுக்கி?"

"அஞ்சு..."

"அடடா, அஞ்சுதானா? குட்டியை இன்னும் கொஞ்ச நேரம் உக்கார வையேன்!"

நாமக்கோழிக் குஞ்சுகள் முட்டையை விட்டு வந்த அன்றே தண்ணீரில் மிதப்பவை. அவை பாடம் படித்தாலும் ஒன்றுதான், படிக்காவிட்டாலும் ஒன்றுதான். துடுப்பன் கதை அப்படியா? இது மினுக்கிக்குத் தோன்றவே இல்லை. எட்டு என்ற எண் மட்டும் மனதில் தைத்தது. மறுநாள் முதல் குட்டியைக் காலையிலும் பாறையில் உட்கார வைத்தது.

வைகாசியில் ஒருநாள் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

துடுப்பன் பலகையைப் பிடித்தபடி பாறையில் உட்கார்ந்திருந்தது. ஒரு தும்பி வந்து மூக்கில் உட்கார்ந்து பறந்தது. குட்டி அதைத் துரத்திக்கொண்டு சறுக்கிக் கரைக்கு வந்துவிட்டது. ஒரு முன்காலில் பலகை இருந்தது, மற்றது தண்ணீரில் பட்டது. மற்றக் குட்டிகளைப் போல அது அலறவில்லை. தண்ணீரை ஒரு தட்டு தட்டியது. நீர் தெறித்தது. மறுபடியும் தட்டியது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

"அம்மா! இது குளுகுளுன்னு இருக்கு! உள்ள போலாமா அம்மா?"

எந்த நீர்நாய்க்குக் கிடைக்கும் அந்த வரம்? குட்டி தானாகக் கேட்கிறது! ஆனால் மினுக்கியின் கண்ணில் பட்டது குட்டியின் கையிலிருந்த பலகைதான்.

"ஐயோ, பலகை நனையப்போகுது!"

ஒரே பாய்ச்சலில் வந்து குட்டியின் பிடரியைக் கவ்வித் தண்ணீரிலிருந்து வெளியே இழுத்தது. எல்லாத் தாய்களும் உள்ளே இழுப்பதற்குப் பிடிக்கும் பிடியால் அது வெளியே இழுத்துப்போட்டது.

"வீட்டுப்பாடம் முடிஞ்சுதா?"

"இன்னும் ரெண்டு இருக்கும்மா..."

"முதல்ல அதை முடி. கையைத் துடை. தண்ணி எங்கயும் ஓடிப் போயிடாது!"

துடுப்பன் கையைத் துடைத்துக்கொண்டு பாறைக்குப் போனது. அதன்பிறகு அது கேட்கவில்லை.

ஆனி கடைசியில் பள்ளிக்கூட விழா. நீச்சல் பாடத்தில் துடுப்பனுக்கு முந்நூறு நட்சத்திரம். மடுவிலேயே முதல் இடம். கொக்கு அல்லிப்பூ மாலையை அதன் கழுத்தில் போட்டார். "நீந்துவது எப்படி?" என்று சபையில் கேட்டார். துடுப்பன் ஒரு மூச்சில் ஒப்பித்தது. பிழையே இல்லை. மினுக்கிக்குக் கண்ணீர் வந்தது. நாமக்கோழி தன் வாண்டுகளைக் கூட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பியது.

ஆடி நாலாம் நாள், உச்சிவேளையில் மலைப்பக்கம் இடித்தது. சற்று நேரத்தில் ஆறு செந்நிறமாக இரைந்துகொண்டு வந்தது. வளைக்குள் தண்ணீர் புகுந்தது. மினுக்கியும் துடுப்பனும் பாறை மேல் ஏறின. தண்ணீர் பாறையைச் சுற்றிக்கொண்டது. எதிர்க்கரை மேடு இருபது தாவல் தள்ளி இருந்தது. அங்கே போய்விட்டால் தப்பிக்கலாம்.

"துடுப்பா, குதி! அம்மா பின்னாலேயே வரேன்!"

துடுப்பன் விளிம்புக்கு வந்தது. பயப்படவில்லை, பாவம். முதல் மாணவன் அல்லவா! முன்காலை நீட்டி, ஓடுகிற வெள்ளத்தை ஒரு விரலால் தொட்டது. காத்திருந்தது. மறுபடியும் தொட்டது.

"அம்மா, மணி அடிக்கலையே!"

மினுக்கிக்கு அந்த நொடியில் எல்லாம் புரிந்தது. ஓடிவந்து குட்டியின் பிடரியைக் கவ்வியது. ஆனால் துடுப்பனுக்கு இப்போது ஐந்து மாதம். கழுத்து தடித்துவிட்டது. தாயின் வாய்க்கு அடங்கவில்லை. கவ்விய பிடி நழுவியது. அலை ஒன்று வந்து இரண்டையும் அடித்துக்கொண்டு போனது.

துடுப்பன் முங்கியது. எழுந்தது. "முன்கால்... முன்காலை..." என்று ஏதோ ஒப்பித்தது. வாய்க்குள் தண்ணீர் போனது. மறுபடியும் முங்கியது. மினுக்கி அடியில் பாய்ந்து முதுகால் முட்டித் தூக்கியது. பயத்தில் குட்டி தாயின் தலைமேலேயே ஏறி மிதித்தது. நல்லவேளையாக ஒரு மரக்கட்டை மிதந்து வந்தது. மினுக்கி குட்டியை அதன்மேல் தள்ளி, மூக்கால் முட்டிக்கொண்டே போனது. எதிர்க்கரை வரும்போது கட்டை பாறையில் மோதியது. இடையில் சிக்கி மினுக்கியின் வலது முன்கால் நசுங்கியது.

உயிர் தப்பியது. அதுவே பெரிய காரியம்.

வெள்ளம் வடிந்த பிறகு கொக்கு வந்தார். தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"எல்லாக் கேள்விக்கும் சரியாத்தாம்மா பதில் சொன்னான்," என்றார் மெதுவாக. "எனக்கு ஒண்ணும் புரியலை. என்னை மன்னிச்சுடும்மா."

"உங்களைச் சொல்லி என்னங்க?" என்றது மினுக்கி. "நீங்க கொக்கு. உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொன்னீங்க. நான் நீர்நாய். எனக்குத் தெரிஞ்சிருந்தும் நான் செய்யலையே!"

கொக்கு பலகைகளைக் குரங்குகளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அதனால் துடுப்பனுக்கு நீச்சல் வந்துவிடுமா?

மார்கழியில் மடு தெளிந்தது. மினுக்கி நொண்டிக்கொண்டே தண்ணீரில் இறங்கி, "வாடா கண்ணு, அம்மா இருக்கேன்" என்று கூப்பிட்டது. துடுப்பன் அலறிக்கொண்டு பாறைக்கு ஓடியது. இழுத்துவரலாம் என்றால் அது தாயை விடக் கனமாக வளர்ந்துவிட்டது. மினுக்கி தினமும் கூப்பிட்டது. மீனைக் காட்டியது. கெஞ்சியது. தையில் கணுக்கால் வரை வந்தது. பங்குனியில் வயிறு வரை வந்தது. அதோடு சரி. காலுக்கு அடியில் தரை இல்லையென்றால் அதன் உடம்பெல்லாம் நடுங்கியது.

இப்போதும் அந்த மடுப்பக்கம் போனால் பார்க்கலாம். அதன் வயதுக் குட்டிகள் முங்கி எழுந்து மீனோடு வருகின்றன. துடுப்பன் கரையில் நத்தை பொறுக்குகிறது. நொண்டித் தாய் ஒரு நாளைக்கு இரண்டு மீனோ மூன்று மீனோ பிடிக்கிறது. அதில் பெரியதைக் குட்டிக்கு வைக்கிறது.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே துடுப்பன் கேட்டது:

"அம்மா, நான்தானே முதல் மாணவன்? அப்புறம் ஏன் எனக்கு மட்டும் வரலை?"

மினுக்கி வாயில் வைத்த மீனைக் கீழே வைத்தது. குட்டியின் முகத்தைப் பார்க்க அதனால் முடியவில்லை.

பிஞ்சு வயதில் கையும் காலும் நனைத்துக் கற்க வேண்டியதைப் பலகைக்கு முன் உட்கார வைத்துக் கற்பித்தால், நட்சத்திரங்கள் கிடைக்கும், ஆனால் கைவிட்டுப்போன அந்தக் காலம் எவ்வளவு அழுதாலும் திரும்பக் கிடைக்காது.