வெந்நீர் மட்டும் போதும்

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைச் சரிவை ஒட்டி ஒரு சின்ன ஆசிரமம். அதை நடத்தி வந்தவர் தவமணி அம்மா. வயது நாற்பதுதான். சீடர்களில் பலர் அவரைவிட மூத்தவர்கள். கனகசபாபதிக்கோ அறுபத்து மூன்று. அம்மா அவரை "ஐயா" என்பார். அவர் இவரை "அம்மா" என்பார். இருவருக்கும் அதில் கூச்சம் இருந்ததில்லை.

மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி. கனகசபாபதி அம்மாவின் முன்னால் வந்து நின்றார். கையில் ஸ்பேனர், மூக்கு நுனியில் கரி.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க ஐயா."

"ஏழு வருஷமா பேசாத மக வந்து நின்னா, என்ன பேசறது?"

"கீசர் எரியுதா?" என்று கேட்டார் அம்மா.

"இல்லை."

"அப்போ முதல்ல அதைப் பார்ப்போம், வாங்க."

அவருடைய ஒரே மகள் உமையாள். வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள். "நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு சுத்தம் இருக்கு" என்று சொன்ன கனகசபாபதி, அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்து அவர் மனைவி இறந்தாள். சேதி கேட்டு ஓடி வந்த மகள் வாசலில் நின்றாள். "வா" என்று ஒரு சொல்தான் வேண்டியிருந்தது. அது தொண்டைவரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. அவளும் படியேறவில்லை. தாயின் முகத்தைத் தெருவில் நின்றே பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார்.

போன வாரம் அம்மாவுக்கு உமையாளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி பஸ்ஸில் வருகிறோம். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகிறது. அப்பா ஒரு தடவை பார்த்தால் போதும், பேச வேண்டும் என்றில்லை. குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர் மட்டும் போதும்.

அந்தக் கடைசி வரியை கனகசபாபதி எத்தனை தடவை படித்தாரோ, காகிதம் மடிப்பில் கிழிந்துவிட்டது.

நேற்று காலைவரை ஒழுங்காக எரிந்த கேஸ் கீசர், இன்று பார்த்து மக்கர் செய்தது. மனிதர் லேசுப்பட்டவர் அல்ல. அனல் மின் நிலையம் ஒன்றில் முப்பத்து நான்கு வருஷம் பாய்லர் இன்ஜினியராக இருந்தவர். மாடி மாடியாக உயர்ந்து நிற்கும் பாய்லரைப் பற்ற வைத்த கை அது. அந்தக் கைக்கு, குளியலறையின் வெளிச் சுவரில் தொங்கிய இந்தத் தகரப் பெட்டி ஒரு பொறிகூடத் தரவில்லை. ஆசிரமத்தில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தப் பக்கமே வராமல் இருந்தார்கள்.

அம்மா ஒரு முக்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டு கீசருக்குக் கீழே உட்கார்ந்தார்.

"அடுப்புல ஒரு அண்டா தண்ணி வெச்சா ஆச்சே ஐயா?"

"சமையல்காரம்மா வெச்சுட்டாங்க. காயுது."

"அப்புறம் என்ன?"

"அது அவங்க வெச்ச தண்ணி." கனகசபாபதி கீசரையே பார்த்துக்கொண்டு சொன்னார். "எம்மக எங்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணும்மா. அதையாவது நான் குடுக்கணும்."

சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. அம்மா முக்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்னென்ன பார்த்தீங்க?"

"பேட்டரி புதுசு போட்டேன். சிலிண்டரை மாத்தினேன். ரெகுலேட்டரை மாத்தினேன். பொறி தட்டுற கம்பியைச் சுரண்டித் துடைச்சேன். பர்னரைக் கழட்டி ஊதினேன். எல்லாம் சரியா இருக்கு. எரிய மட்டும் மாட்டேங்குது."

"எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாது. இது எப்படி எரியும்னு சொல்லுங்களேன்."

முப்பத்து நான்கு வருஷம் பலருக்குப் பாடம் எடுத்தவர். கேட்டதும் உற்சாகம் வந்துவிட்டது.

"இதுக்குத் தீக்குச்சி தேவையில்லைம்மா. தண்ணிதான் சாவி. குழாயைத் திறந்தா தண்ணி இதுக்குள்ள ஓடும். அந்த வேகத்துல உள்ள இருக்கிற ரப்பர் தகடு நகரும். அது நகர்ந்தாத்தான் பொறி தட்டும், கேஸ் திறக்கும்."

"தண்ணி ஓடறதுக்கு முன்னாடியே எரியாதா?"

"எரியாது. எரியவும் கூடாது. சும்மா நிக்கிற தண்ணிக்குக் கீழ தீ பிடிச்சா குழாயே உருகிடும்."

"ஓ, ஓடினாத்தான் எரியுமா?"

"ஓடினாத்தான்."

"இப்போ ஓடுதா?"

"அதுலயும் கோளாறு இல்லை. உள்ள வர்ற குழாயைக் கழட்டிப் பார்த்தேன். பீறிட்டு அடிச்சு என் சட்டையெல்லாம் நனைஞ்சுது, பாருங்க."

"உள்ள வர்றது சரி. வெளிய போறது?"

கனகசபாபதி குளியலறைப் பக்கம் திரும்பினார். இருட்டோடு எழுந்ததிலிருந்து குழாயைத் திறந்து வைத்துவிட்டு வெளியே ஓடிவந்து கீசரைப் பார்ப்பதும், திரும்பப் போய் மூடுவதுமாக இருந்தாரே தவிர, குழாயில் தண்ணீர் எப்படி விழுகிறது என்று நின்று பார்க்கவில்லை.

இருவரும் குளியலறைக்குள் போனார்கள். குழாய் முழுக்கத் திறந்திருந்தது. அதன் வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. துணியின் நுனியிலிருந்து தண்ணீர் நூல் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது.

"இது என்னங்க ஐயா?"

"மேட்டுத் தொட்டியில இருந்து மண்ணும் பாசியும் வருதில்ல, அதுக்காக குழாய் வாய்க்குத் துணி கட்டுவேன்."

"எப்பவும் ஒத்தைத் துணிதானே கட்டுவீங்க?"

"பச்சைக் குழந்தை குளிக்கப் போகுதே, ஒரு தூசிகூட மேல படக்கூடாதுன்னு நேத்து சாயங்காலம் புது வேட்டியைக் கிழிச்சு, நாலா மடிச்சு..."

நின்று அந்தத் துணியையே பார்த்தார். கீசர் எரியாமல் போனது எப்போதிலிருந்து என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நல்லதுக்குத்தாம்மா செஞ்சேன்," என்றார் மெதுவாக.

"தெரியும் ஐயா. நீங்க எப்பவுமே நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பீங்க."

அவருக்குக் கண் கலங்கியது. வேட்டித் தலைப்பால் துடைத்துக்கொண்டு முடிச்சில் கை வைத்தார். நனைந்து இறுகிய முடிச்சு, நகத்தால் நெம்பினார். அம்மா உதவ வரவில்லை. பொறுமையாக நின்றார். ஒருவழியாக முடிச்சு அவிழ்ந்தது.

துணி விலகியதும் தண்ணீர் குபுக்கென்று கொட்டியது. பழுப்பு நிறம், நடுநடுவே பாசித் துணுக்குகள். "ஐயையோ" என்று கனகசபாபதி குழாயை மூடக் கையை நீட்டினார். குழாயின் மேல் அம்மாவின் கை ஏற்கெனவே இருந்தது.

"இருங்க," என்றார் அம்மா.

பழுப்பு மெல்ல மஞ்சளானது, பிறகு மஞ்சளும் போய்த் தண்ணீர் தெளிந்தது. வெளிச் சுவரில் டிக் டிக் என்று கேட்டது. பிறகு டப் என்று ஒரு சத்தம். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தால் கீசரின் வயிற்றில் நீலமாகத் தீ நின்று எரிந்துகொண்டிருந்தது.

கனகசபாபதி இரண்டு கைகளையும் குழாய்க்குக் கீழே நீட்டினார். குளிர்ச்சி போய், வெதுவெதுப்பு வந்து, சூடு வந்தது. சுட்ட பிறகும் கையை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. "எரியுதும்மா, எரியுது," என்று குழந்தை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அந்த நாலு மடிப்புத் துணியைப் பிழிந்து தன் தோளில் போட்டுக்கொண்டார்.

கீழே சாலை வளைவில் பதினோரு மணி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. கனகசபாபதி குழாயை மூடிவிட்டு முகம் கழுவினார். பழைய கரி போய், மணிக்கட்டில் இருந்த புதுக் கரி கன்னத்தில் ஒட்டியது. அதைக்கூடப் பார்க்காமல் முற்றத்துக்கு வந்தார்.

கேட்டுக்கு வெளியே உமையாள் நின்றிருந்தாள். தோளில் கம்பளித் தொப்பி போட்ட குழந்தை, பின்னால் பையோடு அவள் கணவன். கேட் திறந்துதான் கிடந்தது. ஆனாலும் அவள் உள்ளே வரவில்லை. அப்பா இருக்கிற இடத்தில் வாசலோடு நிற்க அவள் பழகிவிட்டிருந்தாள்.

கனகசபாபதியின் கால் முற்றத்தின் நடுவில் நின்றுவிட்டது. மறுபடி அதே தொண்டை, அதே அடைப்பு.

"அம்மா," என்றார் திரும்பாமல். "வெந்நீர் தயாரா இருக்குன்னு நீங்களே சொல்லிடுங்களேன்."

"வெந்நீர் உங்களோடது ஐயா."

"வாயைத் திறக்கவே பயமா இருக்கும்மா. ஏழு வருஷத்துக் கோபம், ஆத்திரம், எல்லாம் சேர்ந்து வந்துட்டா?"

தோளில் கிடந்த ஈரத் துணியை அம்மா எடுத்துக் கொடியில் காயப் போட்டார்.

"வரும் ஐயா. முதல்ல கொஞ்சம் கலங்கலாத்தான் வரும். மூடிடாம நில்லுங்க."